வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கு மோட்டார் மால்ட் மில்: நாமே செய்ய முழுமையான வழிகாட்டி

பீருக்கு மால்ட்டை மாவாக்கக் கூடாது. முளைகட்டிக் காயவைத்த பார்லி மணி ஒவ்வொன்றும் உடைய வேண்டும், உள்ளே இருப்பது நொய்யாக வெளியே வர வேண்டும், மேலே இருக்கும் உமி மட்டும் முடிந்தவரை முழுசாக நிற்க வேண்டும். ரோலரின் விட்டம், இடைவெளி, மோட்டாரின் வேகம் என்று கீழே வரும் எல்லா அளவுகளும் இந்த ஒரு தேவையை வைத்துத்தான் முடிவாகின்றன. இது மனதில் பதிந்துவிட்டால், கையில் இருக்கும் பொருளுக்குத் தகுந்தபடி அளவுகளை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

உமிக்கு ஏன் இவ்வளவு கவனிப்பு? உடைத்த மால்ட்டை 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊறவைக்கிறோம். மால்ட்டில் உள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. பிறகு அந்த இனிப்புச் சாற்றைக் கீழே வடிக்க வேண்டும். அப்போது வடிகட்டியாக இருப்பது பாத்திரத்தின் அடியில் படியும் உமிதான். உமி தூளாகி மாவும் அதிகமானால் அந்தப் படுகை களிபோல் இறுகி, ஒரு சொட்டுகூட இறங்காமல் நின்றுவிடும். கிழிந்த உமியிலிருந்து துவர்ப்பும் கூடுதலாக இறங்கும். மறுபக்கம், உடையாத மணிகள் நிறைய இருந்தால் சர்க்கரை சரியாகக் கிடைக்காது, பீர் நீர்த்துப்போகும். மிக்ஸியும் பிளேடு கிரைண்டரும் மாவு மில் கல்லும் இந்த வேலைக்கு ஆகாததற்குக் காரணம் இதுதான்.

கடையிலேயே உடைத்துத் தருவார்களே என்று கேட்கலாம். தருவார்கள். ஆனால் உடைத்த மால்ட் ஈரத்தை இழுத்து வேகமாக மணம் இழக்கும். முழு மால்ட்டோ உலர்ந்த இடத்தில் மூடி வைத்தால் பல மாதம் கெடாது. 25 கிலோ மூட்டையாக வாங்கினால் விலையும் குறைவு. இதையெல்லாம்விட, கடைக்காரர் எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடைவெளியில் உடைக்கிறார். உங்கள் பாத்திரத்துக்கு எது பொருந்தும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதிக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978 அக்டோபரில் கையெழுத்திட்டார், 1979 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு 100 கேலன், பெரியவர்கள் இரண்டு பேரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டுக்கு 200 கேலன் என்பது வரம்பு. விற்கக் கூடாது. கடைசியாக அலபாமாவும் மிசிசிப்பியும் 2013இல்தான் அனுமதி தந்தன. பிரிட்டனில் 1963இலேயே உரிமம் தேவையில்லை என்று ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இந்தக் கட்டுரை, அனுமதி உள்ள நாடுகளில் வாழ்பவர்களுக்கானது.

தட்டு மில்லா, ரோலர் மில்லா?

மலிவான வழி கொரோனா மில். கொலம்பியாவில் மக்காச்சோளம் அரைக்கப் பயன்படும் கைச்சுற்று இயந்திரம் அது. இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே தானியம் தேய்ந்து உடையும். கைப்பிடியைக் கழற்றிவிட்டு மோட்டார் மாட்டியவர்கள் ஏராளம். நல்ல பீரும் அதில் வருகிறது. ஆனால் தேய்த்து உடைக்கும் முறை என்பதால் உமி கிழிவதை அதில் முழுக்கத் தடுக்க முடியாது. துணிப்பையில் மால்ட்டைப் போட்டு ஊறவைத்து, பையோடு தூக்கி வடிப்பவர்களுக்கு அது போதும், அங்கே வடிகட்டும் வேலையைத் துணியே பார்த்துக்கொள்கிறது. மற்றவர்களுக்கு என் பரிந்துரை இரண்டு ரோலர் மில்தான். மணியை நசுக்கிப் பிளப்பது அதன் வேலை, தேய்ப்பது இல்லை.

ரோலர்கள்

38 மி.மீ. விட்டம், 125 முதல் 150 மி.மீ. நீளம் உள்ள இரண்டு ரோலர்கள் வேண்டும். விட்டம் பெரிதானால் மணியை உள்ளே இழுக்கும் கோணம் சாய்வாக அமையும், மணி எளிதாகப் பிடிபடும். 50 மி.மீ. இன்னும் நல்லது, ஆனால் அதற்கேற்ப மோட்டாருக்கும் பலம் வேண்டும். 30 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள், மணி மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும்.

லேத் வைத்திருப்பவர்கள், அல்லது தெரிந்த பட்டறை உள்ளவர்கள், ஈ.என்.8 போன்ற நடுத்தர கார்பன் இரும்பு ராடில் கடைந்துகொள்ளலாம். ரோலரும் ஷாஃப்டும் ஒரே ராடிலிருந்து வர வேண்டும். ஷாஃப்டைத் தனியாகச் செருகி வெல்டிங் வைத்தால் ஆட்டம் இல்லாமல் நேராக அமைவது அரிது. மேற்பரப்பில் கரடுமுரடான வைர வடிவ நர்லிங், அதாவது குறுக்குமறுக்கான வரிப்பள்ளங்கள், போடச் சொல்லுங்கள். வழவழப்பான ரோலர் மணியைப் பிடிக்காது. லேத் வசதி இல்லையென்றால் நர்லிங் போட்ட ரோலர்களை மட்டும், அல்லது கைப்பிடியோடு வரும் சிறிய இரண்டு ரோலர் மில்லை வாங்கி, மற்ற அனைத்தையும் வீட்டில் செய்யுங்கள். மில்லின் துல்லியம் முழுக்க ரோலரில்தான் இருக்கிறது, அதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

ஷாஃப்ட் விட்டத்தை முடிவு செய்யும் முன் பெரிய புல்லியை வாங்கிவிடுங்கள். புல்லியின் துளைக்குத் தகுந்தபடி ஷாஃப்டைக் கடைவது சுலபம். கடைந்த ஷாஃப்டுக்குப் பொருந்தும் புல்லியைத் தேடி அலைவதுதான் சிரமம். பொதுவாக 12 மி.மீ. அல்லது அரை அங்குலம் போதும். ஓட்டும் ரோலரின், அதாவது மோட்டாரோடு இணையும் ரோலரின், ஷாஃப்ட் ஒரு பக்கம் 75 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். புல்லியை இறுக்கும் கிரப் ஸ்குரூ (தலையில்லாத சிறு திருகு) உட்காரும் இடத்தில் ஃபைலால் தட்டையாக்கிவிடுங்கள். இல்லையென்றால் சுமை ஏறியதும் புல்லி ஷாஃப்டில் வழுக்கும்.

பக்கத் தட்டுகளும் இடைவெளியும்

12 மி.மீ. தடிமனுள்ள அலுமினியத் தட்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 100க்கு 75 மி.மீ. துளை போடும்போது இரண்டு தட்டுகளையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்து, ஒரே ஓட்டமாகத் துளையுங்கள். தனித்தனியாக அளந்து துளைத்தால் எவ்வளவு கவனித்தாலும் ரோலர்கள் இணையாக நிற்காது. ஒரு முனையில் மாவும் மறு முனையில் முழு மணியும் விழும்.

ஓட்டும் ரோலருக்கு எண்ணெய் ஊறிய வெண்கல புஷ் (ஷாஃப்ட் உள்ளே சுழலும் குழாய்) போதும், பால் பேரிங்குக்குத் தூசி எதிரி. மற்ற ரோலருக்கு மையம் விலகிய புஷ் வேண்டும். 25 மி.மீ. வெளிவிட்டமுள்ள உருளையில், ஷாஃப்ட் துளையை மையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளிப் போட்டால் போதும். அதைத் திருப்பத் திருப்ப ரோலர் நெருங்கும், அல்லது விலகும். 38 மி.மீ. ரோலருக்குத் தட்டில் உள்ள இரண்டு துளைகளின் மையத் தூரம் 39 மி.மீ. இருக்கட்டும். விலகல் மேலாகவோ கீழாகவோ இருக்கும் நிலையில் இடைவெளி ஏறக்குறைய 1 மி.மீ. ஆக இருக்கும், இரு பக்கமும் கால் சுற்று திருப்பினால் பூஜ்யத்திலிருந்து 2 மி.மீ. வரை கிடைக்கும். இரு முனை புஷ்களின் விலகலும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரோலர் கோணலாகிவிடும். நிலைப்படுத்த மேலிருந்து ஒரு கிரப் ஸ்குரூ.

ரோலரின் முனைக்கும் தட்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டருக்குள் இடம் விடுங்கள். அதற்கு மேல் விட்டால் மணி அங்கே புகுந்து சிக்கும், சுத்தமாக விடாவிட்டால் உரசிச் சூடாகும். இரண்டு தட்டுகளையும் பிணைக்கும் குறுக்குச் சட்டங்களை இந்த அளவுக்கேற்ப வெட்டிக்கொள்ளுங்கள்.

வேகம்

பல மில்கள் இந்த இடத்தில்தான் கெட்டுப்போகின்றன. 38 மி.மீ. ரோலருக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றுதான் நல்லது. 300 தாண்டினால் மணி நசுங்குவதைவிட அடிபடுவதே அதிகமாகும், உமி சிதறும், மாவு கூடும். சீக்கிரம் முடிய வேண்டும் என்ற ஆசையே தேவையில்லை. 180 சுற்றிலேயே 5 கிலோ மால்ட் மூன்று நான்கு நிமிடத்தில் இறங்கிவிடும், ஒரு 19 லிட்டர் பீருக்கு அவ்வளவுதான் வேண்டும். வெந்நீர் சூடாவதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

மோட்டார்

அரை குதிரைசக்தி, கப்பாசிட்டர் ஸ்டார்ட், முழுக்க மூடிய விசிறிக் குளிர்ச்சி உள்ள மோட்டார் வாங்குங்கள். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் அது சுமார் 1440. மூடிய மோட்டார்தான் வேண்டும் என்பதற்குத் தூசியே காரணம். தானியத் தூசி காற்றில் அடர்ந்தால் தீப்பொறி பட்டு வெடிக்கக்கூடியது, பெரிய தானியக் கிடங்குகளில் அப்படி நடந்திருக்கிறது. வீட்டு அளவில் அந்த ஆபத்து மிகக் குறைவுதான். ஆனாலும் திறந்த மோட்டாரின் சுருளில் மாவு படிந்து சூடேறுவது கண்கூடாக நடக்கும் விஷயம்.

பழைய வீட்டு ஹீட்டரில் கழற்றிய ஊதுவிசிறி மோட்டாரை மாட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அதற்குத் தொடக்க விசை குறைவு, தன் விசிறிக் காற்றிலேயே குளிர வேண்டிய மோட்டார் அது. கையில் பிடிக்கும் டிரில்லை நேரடியாக மாட்டுவது ஆரம்பத்துக்குச் சரி, ஆனால் குறைந்த வேகத்தில் சுமையோடு ஓடும் டிரில் சீக்கிரம் சூடாகும். காசு கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால், 180 சுற்று தரும் கியர் மோட்டாரை நடுவே சிலந்தி வடிவ ரப்பர் துண்டு வைத்த லவ்ஜாய் கப்ளிங் என்ற இணைப்பான் வழியாக நேராக இணைக்கலாம். இடம் மிச்சம், சத்தமும் குறைவு.

எனக்குப் பிடித்தது பெல்ட்தான். மால்ட் மூட்டையில் எப்போதாவது ஒரு கல்லோ ஆணியோ வரும். அது ரோலருக்குள் போய்ச் சிக்கினால் பெல்ட் வழுக்கி நின்றுவிடும், வேறெதுவும் உடையாது. கியர் மோட்டாரில் அந்த அடி பல்லுக்கோ ஷாஃப்டுக்கோ போகும்.

புல்லிக் கணக்கு

மோட்டார் சுற்று பெருக்கல் சிறிய புல்லி விட்டம், வகுத்தல் பெரிய புல்லி விட்டம். 60 ஹெர்ட்ஸில் ஒன்றரை அங்குலச் சிறிய புல்லியும் 14 அங்குலப் பெரிய புல்லியும் போட்டால் 1725 × 1.5 ÷ 14, அதாவது 185 சுற்று. 50 ஹெர்ட்ஸில் 12 அங்குலம் போதும்: 1440 × 1.5 ÷ 12 = 180. இந்த வேகக் குறைப்பில் அரை குதிரைசக்தி மோட்டார் ரோலரில் சுமார் 19 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். 38 மி.மீ. ரோலருக்கு அது தாராளம்.

பெல்ட்டில் ஒரு நுணுக்கம். வழக்கமான ஏ வகை வி-பெல்ட் 75 மி.மீ.க்குக் குறைந்த புல்லியில் வளைவதற்கானது இல்லை, சீக்கிரம் விரிசல் விடும். சிறிய மோட்டார்களுக்கென்றே வரும் 4எல் வகை இலகு பெல்ட் வாங்குங்கள். நீளத்துக்கான சூத்திரம்: மையத் தூரத்தின் இரு மடங்கு, கூட்டல் இரு புல்லி விட்டங்களின் கூட்டுத்தொகை × 1.57, கூட்டல் விட்ட வித்தியாசத்தின் வர்க்கம் ÷ மையத் தூரத்தின் நான்கு மடங்கு. மையத் தூரம் 400 மி.மீ., புல்லிகள் 38, 305 மி.மீ. என்றால் சுமார் 1383 மி.மீ. வருகிறது. 54 அங்குல பெல்ட், அதாவது 4எல்540, அதற்கு மிக அருகில் இருக்கிறது. 14 அங்குலப் புல்லிக்கு 4எல்580. மிச்ச வித்தியாசத்தை மோட்டாரை நகர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும் என்பதால் மோட்டார் போல்ட்களுக்கு வட்டத் துளை வேண்டாம், நீள் துளை போடுங்கள். மையத் தூரத்தை 400க்கு வெகுவாகக் கீழே குறைக்காதீர்கள், சிறிய புல்லியைப் பெல்ட் போதுமான அளவு சுற்றிப் பிடிக்காது.

பெரிய புல்லியைத் தட்டுக்கு எவ்வளவு ஒட்டி மாட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி மாட்டுங்கள். தள்ளி நின்றால் பெல்ட்டின் இழுப்பு முழுவதும் புஷ்ஷின் ஒரு ஓரத்தைத் தின்னும். ஷாஃப்டின் வெளிமுனையில் ஒரு பிளம்மர் பிளாக் (பேரிங் பொருத்திய தாங்கி) வைத்துத் தாங்கிவிட்டால் அந்தக் கவலையே இல்லை.

மேசைச் சட்டம், தொட்டி, சரிவு

18 மி.மீ. பிளைவுட்டோ இரும்பு ஆங்கிளோ எது வசதியோ அதில் ஒரு மேசை அடித்துக்கொள்ளுங்கள். மேல்தட்டில் மில், அதற்குப் பின்னால் மோட்டார், கீழே 20 லிட்டர் வாளி நுழையும் உயரம். ரோலருக்குக் கீழே தட்டில் போடும் துளை ரோலரின் நீளத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கட்டும். அதிலிருந்து வாளிக்குள் இறங்கும்படி தகரச் சரிவோ தடித்த துணி உறையோ கட்டினால் தூசி பாதிக்கு மேல் அடங்கும்.

5 கிலோ மால்ட்டுக்கு ஏறக்குறைய 10 லிட்டர் இடம் தேவை. தகரத்தில் தொட்டி செய்தால் சுவர்கள் 45 டிகிரிக்குக் குறையாமல் சரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூலையில் மால்ட் தேங்கும். தண்ணீர் கேனின் அடிப்பாகத்தை அறுத்து, கவிழ்த்து வைப்பது பலரும் செய்யும் சுலபமான வழி. வாய் குறுகலாக இருந்தால் அதைச் சற்று அகலமாக வெட்டிக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கும் ரோலருக்கும் நடுவே இழுத்து மூடும் ஒரு தகடு வேண்டும். இதைத் தவிர்க்காதீர்கள். மால்ட் நிரம்பிய ரோலரை நின்ற நிலையிலிருந்து சுழற்ற மோட்டார் திணறும், பெல்ட் வழுக்கும். தகடு மூடியிருக்க மோட்டாரைப் போட்டு, வேகம் பிடித்த பிறகு திறக்க வேண்டும். அந்தத் தகட்டுக்குச் சற்று மேலே சரிவில் ஒரு காந்தப் பட்டை ஒட்டிவிட்டால் இரும்புத் துண்டுகள் அங்கேயே நின்றுவிடும். தொட்டியின் மேல்வாயில் விரல் நுழையாத கம்பி வலையும் கட்டாயம். சுழலும் நர்லிங் ரோலர் விரலைப் பிடித்தால் மோட்டார் நிற்கும் வரை விடாது. பெல்ட்டையும் புல்லியையும் மூடும் கூண்டும் அதே அளவு அவசியம்.

மின்சாரம்

சட்டம் இரும்பானால் அதையும் மோட்டார் உடலையும் எர்த் செய்யுங்கள். மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ள பிளக்கில்தான் இணைக்க வேண்டும். ஈரத் தரையில் நின்று செய்யும் வேலை இது. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது தானாக ஓடத் தொடங்காத காந்த ஸ்விட்ச், கைக்கெட்டும் இடத்தில் காளான் வடிவச் சிவப்பு ஸ்டாப் பட்டன், ஒயர் நுழையும் இடத்தில் இழுவை தாங்கும் பிடி. ஒயரிங் பழக்கம் இல்லையென்றால் இந்தப் பகுதியை மட்டும் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

ரோலர்கள் மேலிருந்து பார்த்தால் உள்நோக்கி, ஒன்றையொன்று நோக்கிச் சுழல வேண்டும். திசை தவறாக இருந்தால் மோட்டார் பெயர்ப்பலகையில் உள்ள படத்தின்படி ஒயர்களை மாற்றுங்கள்.

முதல் ஓட்டம்

லேத்தில் வந்த எண்ணெயும் இரும்புத் தூளும் போகும்வரை ரோலர்களைத் துடைத்துக் காயவிடுங்கள். அரை கிலோ மலிவு மால்ட்டை ஓட்டி, வந்ததைக் கொட்டிவிடுங்கள்.

அப்புறம் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) எடுத்து, ரோலரின் இரு முனையிலும் 1 மி.மீ. இடைவெளி வையுங்கள். புஷ்ஷை இறுக்கும்போது சற்று நகரும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். கால் கிலோ உடைத்து வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். முழு மணி ஒன்றிரண்டுக்கு மேல் தென்படக் கூடாது. உமி இரண்டு மூன்று துண்டாகப் பிளந்திருக்கலாம், தவிடாகியிருக்கக் கூடாது. நொய் அதிகமாகவும் மாவு கொஞ்சமாகவும் இருந்தால் சரி. முழு மணி தெரிந்தால் 0.05 மி.மீ. குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலான பார்லி மால்ட்டுக்கு 0.9 முதல் 1.1 மி.மீ. வரைக்குள் உங்கள் இடம் கிடைத்துவிடும். துணிப்பை முறைக்கு 0.7 வரைகூடப் போகலாம். கோதுமை மால்ட்டும் ரை என்ற தானியத்தின் மால்ட்டும் சிறிய மணி, உமியும் கிடையாது, அவற்றைத் தனியாக 0.8 அளவில் உடைத்துப் பிறகு கலந்துகொள்ளுங்கள். சரியான நிலை கிடைத்ததும் புஷ்ஷிலும் தட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள்.

முளைகட்டாத பச்சைப் பார்லியும் முழு மக்காச்சோளமும் இந்த மில்லுக்கு வேண்டாம். மால்ட்டைவிட அவை மிகவும் கடினம்.

உமியை இன்னும் காப்பாற்ற ஒரு வழி

மால்ட்டின் எடையில் 2 சதவீதம் தண்ணீர், அதாவது 5 கிலோவுக்கு 100 மில்லி, ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து, மால்ட்டைக் கையால் புரட்டிக்கொண்டே தெளியுங்கள். 10, 15 நிமிடம் மூடி வையுங்கள். உமி மட்டும் ஈரத்தில் தோல்போல் நெகிழும், உள்ளே உலர்ந்தே இருக்கும். இப்போது உடைத்தால் உமி கிட்டத்தட்ட முழுசாகவே வரும், தூசியும் வெகுவாக அடங்கும். செலவே இல்லாமல் மில்லின் தரத்தை ஒரு படி ஏற்றும் பழக்கம் இது, எல்லாருக்கும் சொல்வேன். கையில் மால்ட் ஒட்டினால் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் உலரவிடுங்கள். ஈர மால்ட் ஓட்டி முடித்ததும் ஒரு பிடி உலர்ந்த மால்ட்டைக் கடைசியாக ஓட்டுங்கள், ரோலரில் ஒட்டிய பசை போகும், துரு பிடிக்காது.

வரக்கூடிய சிக்கல்கள்

மோட்டார் ஓடுகிறது, மால்ட் இறங்கவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டாவது ரோலர் நின்றிருக்கும். அதை ஓட்டுவது மால்ட்டின் உராய்வு மட்டுமே. புஷ்ஷில் மாவு ஏறியிருந்தால் கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்படியும் அடிக்கடி நின்றால், இரு ரோலர்களின் ஒரே முனையிலும் சிறிய காடி வெட்டி ரப்பர் ஓ-ரிங் மாட்டுங்கள். ரிங்குகள் ஒன்றையொன்று தொட்டு இரண்டாவது ரோலரைத் தானே சுழற்றும்.

பெல்ட் அடிக்கடி வழுக்கினால் இறுக்கும் முன் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நீளமான ஸ்கேல் வைத்துப் பாருங்கள். நடுவில் விரலால் அழுத்தினால் ஆறு ஏழு மில்லிமீட்டர் அமுங்கும் இறுக்கம் போதும்.

ஒரு முறை பீர் காய்ச்சும்போது திடீரென்று சர்க்கரை குறைவாக வந்தால் முதலில் இடைவெளியை அளந்து பாருங்கள். அதிர்வில் கிரப் ஸ்குரூ தளர்ந்து ரோலர் விலகியிருப்பது சகஜம்.

மில்லை ஒருபோதும் கழுவாதீர்கள். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் ரோலரையும் சரிவையும் தட்டிச் சுத்தம் செய்தால் போதும். மிச்சம் விட்ட மாவில் வண்டு வைக்கும். உடைக்கும்போது முகமூடி போடுங்கள். பீர் நொதிக்கும் அறையில் மில்லை வைக்கவே வேண்டாம், மால்ட் தூசியோடு பறக்கும் லாக்டோபாசிலஸ் பாக்டீரியா பீரில் விழுந்தால் புளித்துவிடும். வாகனக் கொட்டகையோ வராந்தாவோ நல்ல இடம், மழைச் சாரல் படாமல் ஒரு உறை போட்டு வைத்தால் சரி.